கடிதப் பக்கத்தை முதலில் பிரிப்பவன்

*"எல்லாச் செய்தியும் கைபேசியில் உடனே வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒருமுறை வருகிற தேசியச் செய்தி இதழ் இனி யாருக்கு வேண்டும்?"*
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

ஐயா, செய்தியை முந்தித் தருவது வார இதழின் வேலையாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கைபேசி வருவதற்கு முன்பு தினத்தாள் அதை முந்திக்கொண்டுதான் இருந்தது. ஊரே தாண்டிப் போன ஒன்றின் சட்டையைப் பிடித்து நிறுத்துவதுதான் வார இதழின் வேலை.

1997-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் இலங்கையில் நடந்த சிங்கர் கோப்பையில், பாகிஸ்தானோடு மோசமாக ஆடுவதற்கு 25 லட்சம் ரூபாய் தருவதாகச் சக வீரர் ஒருவர் தன்னிடம் சொன்னார் என்று இந்திய அணியின் முன்னாள் வீரர் மனோஜ் பிரபாகர் அவுட்லுக் என்ற ஆங்கில வார இதழில் சொன்னார். கிரிக்கெட் வாரியம் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டை வைத்து விசாரித்தது. ஒன்றும் தேறவில்லை. நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில், "அணியில் இடம் போன வயிற்றெரிச்சல்" என்று சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

2000 ஏப்ரலில் தில்லி போலீஸ், தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே சூதாட்டக்காரரோடு பேசிய தொலைபேசி உரையாடலை வெளியே கொண்டுவந்தது. அப்புறம் சிபிஐ விசாரணை. இந்திய அணியின் முன்னாள் கேப்டன் அசாருதீனுக்கு வாழ்நாள் தடை (அது செல்லாது என்று 2012-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் சொன்னது). முதலில் வாயைத் திறந்த பிரபாகருக்கே ஐந்து ஆண்டுத் தடை! மூன்று வருஷம் எல்லோரும் கேலி செய்த ஒரு கட்டுரை, அது பாட்டுக்கு நூலகங்களில் அடுக்கிக் கிடந்தது. கைபேசியில் ஓடிப்போன செய்தியைத் தேடி மூன்று வருஷம் கழித்து யார் போகிறார்கள்?

*"அவுட்லுக் ஆசிரியர் வினோத் மேத்தா ஒருதலைப்பட்சமானவர் என்பார் என் அப்பா. உங்களுக்கு மட்டும் அவரை எப்படிப் பிடித்தது?"*
– வங்கி ஊழியர், கோவை

உங்கள் அப்பா சொன்னதில் தப்பில்லை. மேத்தாவுக்குச் சாய்வு இருந்தது, அதை அவர் மறைத்ததும் இல்லை. 1995 அக்டோபரில் இதழைத் தொடங்கியபோதே அட்டையில் காஷ்மீர் மக்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பைப் போட்டார். முதல் இதழிலேயே வம்பு. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்து நாடே லட்டு கொடுத்துக் கொண்டாடியது. மூன்று மாதத்துக்குள் அணுகுண்டை எதிர்த்து அருந்ததி ராய் எழுதிய நீண்ட கட்டுரை அவுட்லுக்கில் வந்தது. நம்ம சென்னையிலிருந்து வந்த ஃபிரன்ட்லைனும் அதை வெளியிட்டது. அந்தக் கட்டுரையோடு எனக்குப் பாதிக்குப் பாதி உடன்பாடில்லை. ஆனால் கொண்டாட்டத்துக்கு நடுவில் "இரு, ஒரு நிமிஷம்" என்று சொல்ல ஓர் இடம் இருந்ததே, அது பெரிய விஷயம்.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அதுகூட இல்லை. கடிதப் பக்கம்! தன்னையும் தன் இதழையும் கழுவி ஊற்றி வந்த கடிதங்களை மனிதர் தாராளமாக அச்சில் ஏற்றுவார். வளர்த்த நாய்க்கு 'எடிட்டர்' என்று பெயர் வைத்த ஆள். பிடிவாதக்கார நாய், எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்பார்.

இது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்ததே ஒரு தமிழ் வார இதழில் கடிதம் பிரிக்கிற பையனாகத்தான். பெயர் வேண்டாம். காலை பத்து மணிக்குத் தபால்காரர் கட்டைப் போடுவார். நீல இன்லண்ட் கடிதங்களை ஸ்கேலால் கிழித்துப் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் எழுத்தோடு கிழிந்துவிடும். பிரித்ததை இரண்டு அடுக்காக வைப்பேன். பாராட்டு இந்தப் பக்கம், திட்டு அந்தப் பக்கம். உதவி ஆசிரியர் பாராட்டு அடுக்கிலிருந்து ஏழெட்டை எடுத்துச் சிவப்பு மையில் டிக் போடுவார். திட்டு அடுக்கு ரப்பர் பாண்டு போட்டு அலமாரிக்குப் போகும். அங்கிருந்து எங்கே போனது என்று நான் கேட்டதில்லை.

ஒரு அஞ்சலட்டை மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் வெளியிட்ட அட்டைப்படக் கட்டுரையில் ஓர் ஏரியின் பாசனப் பரப்பைத் தப்பாகப் போட்டிருந்தோம். அந்த ஏரியில் தண்ணீர் பாய்ச்சுகிற ஒரு விவசாயி எழுதியிருந்தார். எழுத இடம் போதாமல், முகவரி எழுதுகிற பக்கத்திலும் ஓரத்தைச் சுற்றி எறும்பு வரிசை மாதிரி எழுத்து. எந்த மடையிலிருந்து எந்த மடை வரைக்கும் எந்த ஊர்க்காரர்கள் பாய்ச்சுகிறார்கள் என்று கணக்கு. அந்தக் கட்டுரையைவிட அந்த அட்டை நன்றாக இருந்தது. நான் சிபாரிசு செய்தேன். "நம்ம தப்பை நாமளே போடறதா?" என்று கேட்டார்கள். அச்சில் வரவில்லை.

*"தேசிய இதழ் என்கிறார்கள். தமிழ்நாடு என்று ஒன்று இருப்பதே தேர்தல் சமயத்தில்தானே அவர்களுக்கு ஞாபகம் வருகிறது?"*
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

தேர்தல், புயல், அப்புறம் ஏதாவது ஒரு நடிகர் கட்சி ஆரம்பித்தால். கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் 'தி வீக்' 1982-லிருந்து கொச்சியிலிருந்து வருகிறது. தேசியம் என்றால் தில்லிதான் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எனக்கு உள்ள வருத்தம் வேறு. இந்தியா டுடே தமிழில் வந்துகொண்டிருந்தது, உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. எழுத்தாளர் வாஸந்தி ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அதன் ஆசிரியராக இருந்தார். பீகாரில் நடப்பதைத் தமிழில் படித்துவிட்டு டீக்கடையில் ஒருவர் வாதாடுவதை நானே கேட்டிருக்கிறேன். 2015-ல் தமிழ், தெலுங்கு, மலையாளப் பதிப்புகளை மூடிவிட்டார்கள். ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிற விவாதத்தில் அந்த டீக்கடை மனிதர் எப்படிக் கலந்துகொள்வார்?

*"பத்திரிகைக்காரர்கள் தங்கள் ஆட்களைப் பற்றியே எழுதுவார்களா?"*
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

அபூர்வமாக. 2010 நவம்பரில் 'ஓப்பன்', 'அவுட்லுக்' இரண்டு இதழ்களும் பெரிய தொழில் நிறுவனங்களுக்காக அரசியல்வாதிகளிடம் பேசிவந்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்களை வெளியிட்டன. வருமான வரித்துறை பதிவு செய்தவை அவை. 2009-ல் மந்திரிசபை அமைந்த சமயம் யாருக்கு எந்த இலாகா என்கிற பேச்சு. அதில் பெரிய பத்திரிகையாளர்களின் குரலும் இருந்தது. ஓட்டுப் போட்ட நமக்குத் தெரியாத எத்தனையோ அதில் ஓடியது. முதல் சில நாள் பல பெரிய பத்திரிகைகளும் சேனல்களும் கப்சிப். தன் வீட்டுக் கதவைத் தட்டுவது எல்லோருக்கும் கஷ்டம்தான்.

*"வார இதழ்களின் தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பலாமா?"*
– வாசகர், தென்காசி

படிக்கலாம். பந்தயம் கட்ட வேண்டாம்.

*"உங்கள் கடிதம் ஏதாவது தேசிய இதழில் வந்திருக்கிறதா?"*
– இல்லத்தரசி, திருச்சி

ஒரே ஒருமுறை. காவிரி பற்றி ஃபுல்ஸ்கேப்பில் இரண்டு பக்கம் டைப் அடித்து அனுப்பினேன். "கர்நாடக விவசாயியின் கஷ்டமும் உண்மைதான், ஆனால்..." என்று ஆரம்பித்து, 'ஆனால்'-க்கு அப்புறம் ஒன்றே முக்கால் பக்கம். அச்சில் வந்தது 'ஆனால்'-க்கு முன்னால் இருந்த ஒரு வரி. கீழே என் முழுப்பெயரும் ஊரும் பளிச்சென்று. தஞ்சாவூரில் இருக்கும் என் மாமனார் ஒரு பொங்கல் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

மறுப்புக் கடிதம் எழுதினேன். அதைப் போடவில்லை. எந்த இதழ் என்று கேட்காதீர்கள், அங்கே கடிதம் பிரித்த பையன் இப்போது ஆசிரியராகக்கூட ஆகியிருப்பான்.

*"பழைய இதழ்களை என்ன செய்வீர்கள்? எடைக்குப் போடுவீர்களா?"*
– அதே இல்லத்தரசி

கடிதப் பக்கத்தை மட்டும் கிழித்து ஃபைலில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிடுவேன். போன மாதம் பழைய பேப்பர் கடைக்காரர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், எல்லா புக்லயும் முன்னாடி ரெண்டு பக்கம் காணோமே, வீட்ல எலியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.