ஈறில் ரத்தமும் வாய் நாற்றமும் இருந்தால் எந்த மவுத்வாஷ் வாங்கலாம்?

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, பேசும்போது வாய் நாற்றம் இருக்குமோ என்று கூச்சமாக இருக்கிறது, கடையில் போனால் கலர் கலராகப் பத்து பாட்டில், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எதையும் எடுக்காதீர்கள். ஈறு ரத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் பல்லின் ஓரத்தில் படியும் கிருமிப் படலமும் அது இறுகி உண்டாகும் காரையும். இறுகிப்போன காரையை எந்த மவுத்வாஷும் கரைக்காது. பல் டாக்டரிடம் ஸ்கேலிங் செய்துதான், அதாவது கருவியால் சுரண்டித்தான், எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் புதினா வாசனை கொஞ்ச நேரம் நாற்றத்தை மூடிவைக்கும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு டாக்டர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ள மவுத்வாஷ் எழுதித் தரலாம். 0.12 அல்லது 0.2 சதவீதத்தில் கிடைக்கும். ஈறு வீக்கத்துக்கு நன்றாக வேலை செய்யும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தினசரிப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய பொருள் இல்லை. பெரும்பாலும் இரண்டு வாரம் போலத்தான் தருவார்கள். ஈறு சிகிச்சை முடிந்து நான் அதைப் பயன்படுத்தியபோது சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நிறுத்தியதும் நாக்கு சரியாகிவிட்டது. பல்லில் பழுப்புக் கறையும் படியும், காபி, டீ நிறையக் குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இன்னொன்று, பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இதன் வேலையைக் கெடுக்கும். அதனால் பல் தேய்த்து அரை மணி நேரமாவது கழித்துக் கொப்பளியுங்கள்.

நாற்றம் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே பிறக்கிறது. நாக்கின் பின்பகுதியில் தங்கும் பாக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. தினமும் நாக்கு வழிப்பதுதான் முதல் வைத்தியம். அதோடு மவுத்வாஷும் வேண்டும் என்றால் பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் துத்தநாக (ஜிங்க்) உப்போ செட்டைல்பிரிடினியம் குளோரைடு என்ற கிருமிநாசினியோ இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் எழுதியிருக்கும் 'புத்துணர்ச்சி' எல்லாம் விளம்பரம்.

எரிந்தால்தான் கிருமி சாகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்த எரிச்சல் ஆல்கஹாலும் தைமால், யூகலிப்டால் போன்ற எண்ணெய்ச் சத்துகளும் தருவது. அந்த எண்ணெய்கள் கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மைதான், ஆனால் எரிச்சலின் அளவு மருந்தின் அளவுகோல் இல்லை. (லிஸ்டரின் என்ற பிரபல மவுத்வாஷே 1879-ல் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாக உருவானதுதான்; வாய் நாற்றத்துக்கு என்று அதைப் பெரிதாக விளம்பரம் செய்தது 1920-களில்.) வாய் வறட்சியோ புண்ணோ உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாததையே எடுக்க வேண்டும். மாத்திரைகளால் வாய் காய்ந்துபோகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். எச்சில் குறைந்தாலே நாற்றமும் சொத்தையும் கூடும்.

சொத்தை அடிக்கடி வருகிறது, அல்லது பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறீர்கள் என்றால் அப்போது ஃப்ளோரைடு உள்ளது உதவும். இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தினசரி மவுத்வாஷில் ஃப்ளோரைடு சுமார் 225 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 225 பங்கு) இருக்கும். சாதாரண பேஸ்ட்டில் 1000 முதல் 1500 வரை. பல் தேய்த்த கையோடு கொப்பளித்தால் அதிகமாக இருந்ததைக் கழுவிவிட்டுக் குறைவானதை வைக்கிறீர்கள். மதியம் சாப்பிட்ட பிறகு மாதிரி வேறு நேரத்தில் கொப்பளியுங்கள், அடுத்த அரை மணி நேரம் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, விழுங்கிவிடுவார்கள்.

ஸ்கேலிங் செய்து, பல் இடுக்குகளையும் ஒழுங்காகச் சுத்தம் செய்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்றால், அல்லது பல் ஆடினால், பாட்டிலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் திரும்பவும் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதுவும் ஈறு நோயும் ஒன்றையொன்று மோசமாக்கும்.