வாசகர் கேள்வி – பதில்: புதிய சிலிண்டர் போட்டும் செயின்சாவில் அழுத்தம் குறைவது ஏன்?

கேள்வி: ஐயா, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் என் அண்ணன் பல ஆண்டுகள் பயன்படுத்திய 55 சிசி செயின்சாவை, சென்ற ஆண்டு எனக்குக் கொடுத்துவிட்டார். இங்கே கம் மரம் அறுத்துக்கொண்டிருந்தபோது அது சூடேறி நின்றுவிட்டது; திறந்து பார்த்தால் பிஸ்டனின் புகைபோக்கிப் பக்கம் முழுவதும் கீறல். புதிய சிலிண்டரும் பிஸ்டனும் வாங்கிப் பொருத்தினேன். கயிற்றை இழுத்தால் லேசாக வருகிறது. கார் பட்டறையில் இரவல் வாங்கிய அழுத்தமானி 95 பிஎஸ்ஐதான் காட்டுகிறது. சிலிண்டருக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடான அடி கேஸ்கெட் கசிகிறது என்கிறார் மெக்கானிக். சிலிண்டரை மறுபடியும் மாற்ற வேண்டுமா?
– வாசகர், டோங்காட்

பதில்: சிலிண்டரில் கை வைப்பதற்கு முன் அந்த அழுத்தமானியைச் சந்தேகியுங்கள். கார் எஞ்சினுக்கான மானிகள் பலவற்றில் ஒருவழி வால்வு குழாயின் நுனியில் இல்லாமல் மானியின் அருகில் இருக்கும். அப்போது குழாய்க்குள் இருக்கும் இடமும் எரியறையோடு சேர்ந்துவிடுகிறது. காரின் பெரிய எரியறைக்கு அது ஒரு பொருட்டல்ல. உங்கள் செயின்சாவிலோ பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எஞ்சும் இடமே சில சிசிதான் என்பதால், நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். எனவே பிளக் துளையில் திருகும் நுனியிலேயே, மென்மையான வில் கொண்ட வால்வு உள்ள மானியைத் தேடிப் பிடியுங்கள். அளக்கும்போது சுவிட்சை நிறுத்தி, சோக்கைத் திறந்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்து, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு எளிதாக வர அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் பொத்தான் உள்ள செயின்சாவானால் அதை அழுத்தாதீர்கள். அழுத்தினால் எஞ்சின் ஒருமுறை வெடித்து ஓடும்வரை அது திறந்தே கிடக்கும். கடற்கரைப் பகுதியில் இந்த அளவு எஞ்சினுக்கு 130 முதல் 160 பிஎஸ்ஐ வரை இருந்தால் நலம். பிஸ்டனைச் சுற்றியுள்ள புது ரிங் சிலிண்டரோடு படியச் சில டாங்க் எரிபொருள் ஆகும். அதுவரை ஓரளவு குறைவாகக் காட்டுவது இயல்பே.

மானியை மாற்றியும் 95தான் என்றால், பிளக் துளை வழியாகச் சில துளி எண்ணெய் விட்டு, மெதுவாக ஓரிரு முறை சுழற்றிவிட்டு மறுபடி அளவிடுங்கள். அதிகம் விட்டால் எண்ணெயே இடத்தை அடைத்துக்கொண்டு அளவைப் பொய்யாக உயர்த்திவிடும். முள் தெளிவாக ஏறினால் குறை ரிங்கில்; ஏறாவிட்டால் டீகம்ப்ரஷன் வால்வைச் சுற்றிலும் மானி திருகிய இடத்திலும் சோப்பு நீர் தடவி, கயிற்றை இழுக்கும்போது குமிழ் வருகிறதா என்று பாருங்கள்.

ரிங்கைப் பார்க்க எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. சைலன்சரைக் கழற்றி, புகைபோக்கித் துளைக்கு நேரே ரிங் வரும்படி பிஸ்டனை நகர்த்தி, மழுங்கிய மரக்குச்சியால் அதை மெல்ல அழுத்துங்கள். விட்டதும் துள்ளி வெளியே வர வேண்டும். வராவிட்டால் ரிங் பள்ளத்தில் சிக்கியிருக்கிறது, அல்லது அந்தப் பள்ளத்துக்குரிய தடிமன் அதற்கு இல்லை. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புகைபோக்கியை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். திருப்பிப் போட்டிருந்தால் ரிங்கின் முனைகள் துளை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஒருமுறைகூட ஓட்டக் கூடாது.

ரிங்கும் சரி என்றால் மிஞ்சுவது, பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளி. பிளக் துளை வழியாக மெல்லிய ஈயக் கம்பியைச் சிலிண்டர் சுவரைத் தொடும்வரை நீட்டி, ஒருமுறை சுழற்றி, நசுங்கிய நுனியை அளவிடுங்கள். 0.5 முதல் 0.8 மி.மீ. வரை பொதுவாக ஏற்கத்தக்கது. 1 மி.மீ.க்கு மேல் போனால், தடித்த கேஸ்கெட்டோ உயரம் மாறிய சிலிண்டரோதான் உங்கள் அழுத்தத்தைத் தின்றிருக்கிறது.

மெக்கானிக் சொல்வதில் பாதிதான் உண்மை. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் அடி கேஸ்கெட் அடைப்பது சிலிண்டருக்குக் கீழே உள்ள அறையான கிராங்க்கேஸை. அது கசிவதால் மானியின் அளவு 95 ஆகக் குறையாது, ஆனால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்து, புதிய பிஸ்டனும் பழையதன் வழியே போகும். ஆகவே ஓட்டுவதற்கு முன் உள்வழி, வெளிவழி இரண்டையும் அடைத்து, கிராங்க்கேஸில் 0.5 பார் காற்றழுத்தம் நிற்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

பழைய பிஸ்டன் கீறியதற்கு நான் அதிகம் சந்தேகிப்பது வேறொன்றை. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அந்த மெலிந்த காற்றுக்கு ஏற்ப அண்ணன் கார்பரேட்டரில் அதிவேக ஓட்டத்துக்கான எரிபொருளைக் கட்டுப்படுத்தும் எச் (H) திருகை உள்ளே திருகி எரிபொருளைக் குறைத்திருப்பார். அதே அமைப்போடு கடலோரத்தில் உள்ள டோங்காட்டின் அடர்ந்த காற்றில் ஓட்டினால் எரிபொருள் போதாது. எரிபொருளோடுதான் எண்ணெயும் வருவதால் சூடு ஏறும், உயவு குறையும், முதலில் கீறுவது புகைபோக்கிப் பக்கமே. எரிபொருளைத் தானே சரிசெய்துகொள்ளும் புதிய ரகச் செயின்சா அல்ல என்றால், கார்பரேட்டரை இங்கேயே புதிதாகச் சரிசெய்யுங்கள். அண்ணன் வீட்டில் எடுத்த பழைய அளவு எதுவும் இருந்தால் அதோடு ஒப்பிடாதீர்கள். இங்கே 150 காட்டும் எஞ்சின் அங்கே ஏறக்குறைய 120தான் காட்டும்.

கேள்வி: பிஸ்டனிலிருந்து உரசிச் சிலிண்டர் சுவரில் ஒட்டிய அலுமினியத்தை நீச்சல்குளத்துக்கு ஊற்றும் ஆசிட் கொண்டு எடுக்கலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: எடுக்கலாம், அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பஞ்சுக் குச்சியால் அலுமினியம் ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள். துளைகளின் ஓரத்தில் பூச்சில்லாத அலுமினியம் இருப்பதால் அங்கே ஒரு துளியும் படக் கூடாது. நுரைத்ததும் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். ஒட்டியது தீர்ந்தால் நுரை தானே அடங்கிவிடும். எத்தனை முறை துடைத்தாலும் ஒரே இடத்தில் நுரை அடங்காவிட்டால், நிக்கல் பூச்சு உரிந்து அமிலம் சிலிண்டரையே தின்கிறது என்று பொருள். உடனே நிறைய நீர் விட்டுக் கழுவிவிட்டு, வேறு சிலிண்டர் தேடுங்கள்.