கடற்புல் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

பெசன்ட் நகர்: கரையில் பச்சையாக ஒதுங்கிக் கிடக்கிறதே, அதுதான் கடற்புல்லா?

பெரும்பாலும் அது பாசி. கையில் எடுத்துப் பாருங்கள், கடற்புல் என்றால் வேர் இருக்கும், மண்ணுக்குள் படுத்தபடி ஓடுகிற தண்டு இருக்கும், அது பூத்துக் காய்க்கவும் செய்யும். நம்ம சென்னைக் கரையில் அடிக்கிற அலைக்கு அது நிற்காது. அலை அடங்கி, தரை வரை வெயில் இறங்குகிற ஆழமில்லாத பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா மாதிரி இடங்களில்தான் பரந்து வளர்கிறது.

திருவான்மியூர்: இங்கே முட்டையிட வரும் ஆமை இதைத்தான் தின்னுமா?

இல்லை, இங்கே வருவது பங்குனி ஆமை, அது நண்டு, இறால் தின்னும். புல் மேய்வது பேராமை.

காசிமேடு: அண்ணே, எதற்கெடுத்தாலும் விசைப்படகைத்தான் குறை சொல்றாங்க. புல் திரும்ப முளைக்காதா?

நுனி அறுந்தால் முளைக்கும் தம்பி. ஆனால் விசைப்படகு இழுக்கிற இழுவைமடி வலையின் பலகையும் சங்கிலியும் தரையை உழுதுகொண்டு போகும்போது மண்ணுக்குள் இருக்கும் தண்டே பெயர்ந்து வந்துவிடுகிறது, கிளம்பின சேறு தண்ணீரைக் கலக்கி, தப்பின புல்லுக்கும் வெயில் கிடைக்காமல் செய்துவிடுகிறது. நீலக்கால் நண்டும் ஒரா மீனும் இறாலும் குஞ்சாக ஒளிந்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான், அதனால் நஷ்டம் முதலில் உங்களுக்கே. கரையோரத்தில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983 சட்டமே இருக்கிறது. அதே சமயம் கழிவுநீரும் தூர்வாருவதும் புல்லை அழிக்கின்றன, அதைக் கேட்க ஆளில்லை, விசைப்படகை மட்டும் குறை சொல்கிறார்கள் என்ற உங்கள் கோபம் நியாயம்தான்.

அடையாறு: மரம் நடுவது போல நடலாமா? நாங்கள் பத்துப் பேர் வரத் தயார்.

நடலாம். மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, அதில் தண்டோடு எடுத்த புல்லை முடிந்து, கடலுக்கடியில் பதிக்கிறார்கள். வனத்துறை அனுமதி பெற்றுச் செய்பவர்களோடு சேர்ந்துதான் போக வேண்டும், தனியாக இறங்காதீர்கள். ஆனால் ஒன்று, மடி இழுக்கிற இடத்தில் நட்டு என்ன பயன்? இருக்கிற புல்லைக் காப்பதுதான் முதல் வேலை.

பெரம்பூர்: ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்குத் தனிக் காப்பகம் வந்துவிட்டதே, போதாதா?

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அறிவித்தார்கள், இந்தியாவிலேயே முதல் கடற்பசுக் காப்பகம். பெரிய விஷயம். ஆனால் ஒரு ஆவுளியா நாளைக்கு 30 முதல் 40 கிலோ புல் மேயும், எல்லைக்கோடு பார்த்தா மேயும்? அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி, வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் செத்துவிடும். வலை போனாலும் பரவாயில்லை என்று அறுத்துவிடுகிற மீனவர்களுக்கு இழப்பீடு தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

மயிலாப்பூர்: ராமேஸ்வரம் போகிறோம், படகுச் சவாரி உண்டு. நாங்கள் கவனிக்க வேண்டியது?

புல் தெரிகிற ஆழமில்லாத இடத்தில் இன்ஜினை நிறுத்திக் கழி ஊன்றச் சொல்லுங்கள், நங்கூரத்தை வெறும் மணலில் போடச் சொல்லுங்கள்.