ஏசா கண்ணீரோடு தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை (எபிரெயர் 12:17) என்றால், எனக்கும் கதவு அடைந்துவிட்டதா?

இல்லை, அடையவில்லை. ஈசாக்கின் மூத்த மகன் ஏசா அழுது தேடியது மன்னிப்பை அல்ல, தம்பி யாக்கோபிடம் கைவிட்டுப்போன ஆசீர்வாதத்தை.

உங்களைக் குழப்பியது பழைய மொழிபெயர்ப்பின் வாக்கிய அமைப்பாக இருக்கலாம். "கவலையோடே தேடியும்" என்று இருக்கிறதே தவிர, எதைத் தேடினான் என்று இல்லை. பக்கத்தில் இருப்பது "மனம் மாறுதல்". மூலமொழியான கிரேக்கத்தில் "அதை" என்ற பெண்பாற் சொல் உண்டு. இலக்கணப்படி அது மனம் மாறுதல், ஆசீர்வாதம் இரண்டுக்குமே பொருந்தும் என்பதால், மூலக்கதைதான் தீர்க்க வேண்டும்.

ஆதியாகமம் 27:34-38 எடுத்துப் பாருங்கள். அழுகை முழுவதும் "என்னையும் ஆசீர்வதியும்" என்றுதான், அதுவும் தகப்பன் ஈசாக்கிடம். பயற்றங்கூழுக்கு மூத்த மகனுக்குரிய உரிமையை விற்றேனே என்ற வருத்தம் ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை.

பிறகு லூக்கா 15:20. இயேசு சொன்ன உவமையில், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் தூரத்தில் வரும்போதே தகப்பன் ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறார். மகன் பாவத்தை அறிக்கையிடுவது அடுத்த வசனத்தில்தான்! (ஆதியாகமம் 33:4-இல் யாக்கோபை நோக்கி அப்படியே ஓடிவந்து கட்டிக்கொள்பவன் இதே ஏசா.)

ஆனால் ஏசாவைப்போல் ஒருவேளை உணவுக்காக உரிமையை விற்றுவிடாதீர்கள் என்ற எபிரெயர் நிருபத்தின் எச்சரிப்பை நீர்த்துப்போக விடாதீர்கள். மன்னிப்பு வேறு, விளைவு நீங்குவது வேறு. பத்சேபாள் விஷயத்தில் பாவம் செய்த தாவீது ராஜாவுக்கு 2 சாமுவேல் 12:13-இல் மன்னிப்பு கிடைக்கிறது. 14-ஆம் வசனத்தில் பிள்ளை சாகும் என்ற செய்தியும் வருகிறது. இழந்தது திரும்பவில்லை என்பதை வைத்து, தேவன் உங்களைத் தள்ளிவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம்.