ஈரம் காயாத ஊரில் பொலித்தீனுக்கு மாற்று எது?

கேள்வி: பொகவந்தலாவையில் தோட்டமொன்றில் வசிக்கிறோம். நான் கொழுந்து பறிக்கப் போகிறேன். பிள்ளைகள் இருவர் பாடசாலைக்குப் போகிறார்கள். பொலித்தீனை நிறுத்த வேண்டும் என்று தடித்த துணிப்பைகளும் மூங்கில் கரண்டிகளும் வாங்கினோம். மழைக்காலத்தில் பை காயாமல் பூஞ்சணம் பிடித்துவிட்டது, கரண்டிகள் கறுத்துவிட்டன. வாழை இலையும் இங்கே அரிது. ‘உக்கும் பை’ என்று விற்கிறார்களே, அதையாவது வாங்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உக்கும் பையை வாங்க வேண்டாம். சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாச்சத்திலிருந்து பொலிலக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்கைத் தயாரித்து இப்படிப்பட்ட பைகளில் சேர்க்கிறார்கள். அது முறையாக உக்க வேண்டுமானால் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வெப்பம் வாரக்கணக்கில் நிலைக்க வேண்டும். பெரிய கூட்டெரு ஆலைகளில்தான் அது சாத்தியம். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. உங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் வீட்டுக் குப்பைக் குழியில் அந்தப் பை பை போலவே கிடக்கும். காசைக் கூடக் கொடுத்து இன்னொரு பிளாஸ்டிக்கை வாங்கியதாகத்தான் முடியும்.

மலையில் ஒரு பொருளை வாங்கும் முன் கேட்க வேண்டியது, இது ஒரே இரவில் காயுமா என்பதுதான். கொழும்பில் நன்றாக உழைக்கும் தடித்த கன்வஸ் பையும் சணல் பையும் இங்கே தோற்பது அதனால்தான். வீட்டில் ‘வாயில்’ எனப்படும் மெல்லிய துணிச் சேலை கிழிந்து கிடந்தால் அதில் தையுங்கள். உள்துணி வைக்காமல் ஒற்றைத் துணியாகத் தைத்தால் அடுப்படிக் கொடியில் போட்டு விடிவதற்குள் எடுத்துவிடலாம். புதிதாக வாங்குவதைவிட இது சுற்றாடலுக்கும் நல்லது. பிரித்தானியாவில் 2011இல் வெளியான அரச ஆய்வொன்றின்படி, ஒருமுறை மட்டும் பயன்படும் பொலித்தீன் பையோடு காலநிலைப் பாதிப்பில் சமமாக வேண்டுமானால் புதிய பருத்திப் பையை 131 தடவை பாவிக்க வேண்டும். வீட்டிலிருக்கும் மா மூட்டைப் பையும் பிளாஸ்டிக் இழைதான். ஆனால் ஏற்கெனவே கையில் இருப்பதால் கிழியும்வரை அரிசி வாங்க அதையே கொண்டுபோங்கள்.

அடுத்தது சாப்பாடு. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சுடச்சுட ரொட்டியையும் சம்பலையும் லஞ்ச் சீட்டில் சுற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டெம்பர் முதலாம் திகதியே தடை செய்யப்பட்டது. சூடும் எண்ணெயும் சேரும்போது பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் இரசாயனங்கள் உணவில் இறங்குவது அதிகரிக்கும். மலைக்கு எடுத்துப்போக, மூடி இறுகும் சிறிய சில்வர் பெட்டி ஒன்று போதும். அலுமினியப் பெட்டி மலிவுதான், ஆனால் தேசிக்காய் பிழிந்த சம்பலின் புளிப்பு அதை அரிக்கும். ரொட்டி மட்டும் என்றால் சுத்தமான பழந்துணியில் சுற்றுங்கள். சூட்டில் வியர்த்து ஊறாமல் இருக்கும். தாழ்வான பக்கத்து உறவினர் வாழை இலை கொண்டுவந்தால் தணலில் வாட்டிக்கொள்ளுங்கள், மடிக்கும்போது கிழியாது.

சோடாப் போத்தலில் கொதிக்கக் கொதிக்க பிளேன்டீ ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். அந்தப் பிளாஸ்டிக் 70 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்குகிறது; போத்தல் சுருங்கிக் கோணுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சில்வர் போத்தலுக்குப் பழைய கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டால் கையும் சுடாது, தேநீரும் சீக்கிரம் ஆறாது.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஈர விறகு பிடிக்காதபோது பொலித்தீன் துண்டை வைத்து அடுப்பு மூட்டுவது பல லயங்களில் வழக்கம். அடுப்பும் படுக்கையும் ஒரு சுவர் இடைவெளியில் இருக்கும் காம்பராவில் அந்தப் புகையைக் குழந்தைதான் இரவு முழுவதும் சுவாசிக்கிறது. பிவிசி என்ற பிளாஸ்டிக் கலந்த துண்டு எரிந்தால் டயொக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டாகும். பைன் காய்களையும் பிசின் ஏறிய பைன் சிராய்களையும் பொறுக்கி, அடுப்புக்கு மேலுள்ள பரணில் ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். இரண்டு சிராய் இருந்தால் அடை மழையிலும் தீ பிடிக்கும். காய்ந்த சிரட்டைத் துண்டும் உதவும்.

மூங்கில் கரண்டி வீணாகிவிடவில்லை. மணல் காகிதத்தால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவி அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள். பூஞ்சணம் உள்ளே இறங்கிக் கறை போகாவிட்டால் மட்டும் எரித்துவிடுங்கள். மூங்கில் பல் தூரிகைக்கு ஈரக் குளியலறையில் இதே கதிதான், அதற்குச் செலவழிக்காதீர்கள். வாளி, தண்ணீர் பீப்பாய், மழைக்குக் கட்டும் படங்கு ஆகியவற்றை உடையும்வரை பாவியுங்கள்.

வீட்டைவிட அதிகக் குப்பை சேர்வது திருவிழாவிலும் சாவு வீட்டிலும்தான். பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டிகளுக்கு 2023 ஒக்டோபர் முதல் தடை இருக்கிறது. பதிலுக்கு வரும் காகிதக் கோப்பையின் உள்ளேயும் வழக்கமாக மெல்லிய பொலித்தீன் பூச்சு இருக்கும். அதுவும் கானில் அடைத்து, பிறகு கெசல்கமு ஓயாவில்தான் போய்ச் சேர்கிறது. உங்கள் தோட்டத்து மரணாதார சங்கம் கதிரையும் பெரிய பாத்திரங்களும் வைத்திருந்தால், அடுத்த கூட்டத்தில் சில்வர் தட்டும் கோப்பையும் வாங்கும்படி கேளுங்கள். கழுவ இருவரை முறை வைத்து நியமிப்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்துவிடுங்கள். கழுவ ஆள் இல்லாவிட்டால் மறுபடியும் காகிதக் கோப்பை வந்துவிடும்.