ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை ஏன் ஆகாது?

நாம் சொல்லாமலே இதயத்தையும் குடலையும் மூச்சுக்குழாயையும் நடத்துவது தானியங்கி நரம்பு மண்டலம். சத்துவாச்சாரி சந்தில் நாய் துரத்தினால் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் பாயும்; நெஞ்சு படபடக்கும், மூச்சுக்குழாய் விரியும், குடல் அடங்கும்.

ஒரே அட்ரினலினுக்கு எப்படி இத்தனை வேலை? காட்பாடி ஜங்ஷனில் வண்டி வரும் அறிவிப்பு ஒன்றுதான். டீக்காரர் கேனைத் தூக்குவார், பயணி பையைத் தூக்குவார், வழியனுப்ப வந்த பாட்டி கண்ணைத் துடைப்பார். எல்லாம் கேட்கும் காதைப் பொறுத்தது. உடலில் அந்தக் காதுதான் ஏற்பி: இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1, மூச்சுக்குழாயில் பீட்டா 2.

ப்ரோப்ரனலால் இரண்டு காதையும் பொத்திவிடும். படபடப்பு குறையும், ஆஸ்துமாக்காரருக்கோ மூச்சுக்குழாய் இறுகும்.

இது அட்ரினலின் சுரப்பதையே நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது சுரந்துகொண்டேதான் இருக்கும். நாள்பட மாத்திரை சாப்பிடும்போது உடல் அந்தக் காதுகளை அதிகமாக்கிக்கொள்ளும்; மாத்திரையைத் திடீரென விட்டால் படபடப்பு முன்பைவிட வேகமாகத் திரும்புவது அதனால்தான்.