கொரோனா எல்லாருக்கும் ஒண்ணு, கஷ்டம் மட்டும் ஏன் வேற வேற? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொரோனா சமயத்துல எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வருமானம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அவங்க சமாளிச்சுட்டாங்க, நாங்க கடன்ல விழுந்துட்டோம். எங்களுக்கு சிக்கனம் தெரியலன்னு சொந்தக்காரங்க பேசறாங்க. அப்படியா சார்?
– ஒரு வாசகி

பதில்: சொந்தக்காரங்க எதுக்குத்தான் பேசல, விடுங்கம்மா. மாசம் எவ்வளவு வருதுங்கறத மட்டும் வச்சு ஒரு வீடு தாங்குமா தாங்காதான்னு சொல்லவே முடியாது, அந்தப் பணம் எந்த வேலையில இருந்து வருது, எத்தனை பேர் சம்பாதிக்கறாங்க, எத்தனை பேர் அத நம்பி இருக்காங்க, கையில சேமிப்பு இருக்கா இல்ல ஏற்கனவே வட்டி ஓடுதா, இதெல்லாம் சேர்ந்ததுதான் ரிஸ்க். மாசச் சம்பளக்காரர் லேப்டாப்ப தொறந்து வீட்ல இருந்தே வேலை பாத்துட்டாரு, அவருக்கு பஸ் செலவு கூட மிச்சம். தினக்கூலிக்கு லாக்டவுன் போட்ட அன்னிக்கே வருமானம் நின்னு போச்சு, வாடகையும் வட்டியும் நிக்கவே இல்ல. ரெண்டு பேர் சம்பாதிச்சாலும் ரெண்டு பேருக்கும் ஹோட்டல் வேலைன்னா ஒரே நாள்ல ரெண்டும் போச்சு, இதுல சிக்கனம் எங்க வருது? உலகத்துல சுமார் 200 கோடி பேர், அதாவது வேலை பாக்கறவங்கள்ல பத்துக்கு ஆறு பேர், அமைப்புசாரா வேலையிலதான் இருக்காங்கன்னு ஐ.எல்.ஓ. (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) சொல்லுது. லீவு போட்டா சம்பளம் வராத கூட்டம் அது.

கேள்வி: ஏழைங்க முன்னாடியும் ஏழைதானே, புதுசா யாரு விழுந்தாங்க?

பதில்: 2020ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 7 கோடி பேர் புதுசா கடும் வறுமைக்குள்ள போனாங்கன்னு உலக வங்கி கணக்கு. அடிமட்ட 40 சதவீதம் பேருக்கு வருமானம் சராசரியா 4 சதவீதம் குறைஞ்சுது, மேல இருக்கற 20 சதவீதத்துக்கு அதுல பாதிதான். 4 சதவீதம்தானேன்னு தோணும், ஆனா சராசரி ஒரு ஏமாத்து வேலைங்க, ஒருத்தருக்கு ஒண்ணுமே குறையாம இன்னொருத்தருக்கு மொத்தமும் போயிருந்தாலும் அதுல தெரியாது. இதுல ரொம்ப மாட்டினது வறுமைக் கோட்டுக்கு கொஞ்சம் மேல இருந்தவங்கதான். சின்ன கடை, டிரைவர், சலூன் மாதிரி ஆளுங்க. ஏழைங்க லிஸ்ட்ல பேர் கிடையாது, கம்பெனி இன்ஷூரன்ஸும் கிடையாது, நிவாரணம்னு வந்தா ரெண்டு பக்கமும் கதவு சாத்தியாச்சு.

கேள்வி: எல்லாம் தொறந்தப்புறமும் ஏன் சில வீடுங்க எழுந்திரிக்கல?

பதில்: ஒரு டெய்லர நினைச்சுப் பாருங்க. விசேஷங்க நின்னுது, ஆர்டர் இல்ல, மூணாவது மாசம் தையல் மிஷின வித்து வாடகை கட்டினாரு, அதுவும் அவசரத்துக்கு வித்ததால பாதி விலைக்கு. திரும்ப ஆர்டர் வந்தப்ப மிஷின் இல்ல, இன்னொருத்தர்கிட்ட கூலிக்குப் போறாரு, அதுல வட்டி போக மிச்சம் புடிச்சு புது மிஷின் எப்ப வாங்கறது? நகைய வித்தவங்க பரவால்ல. தொழில் சாமான வித்தவங்க கதைதான் இழுத்துட்டே போகுது.

கேள்வி: பொம்பளைங்களுக்கு அடி ஜாஸ்தியா?

பதில்: ஆமா. 2020ல பெண்கள் வேலை 5 சதவீதம் குறைஞ்சுது, ஆண்களுக்கு 3.9 (ஐ.எல்.ஓ. கணக்குதான்). ஸ்கூல் மூடினா புள்ளைங்கள பாத்துக்க யாரு வேலைய விட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். தனியா புள்ளைங்கள வளக்கற அம்மா வீட்ல கை கொடுக்க இன்னொரு சம்பளமும் இல்ல.

கேள்வி: யாராவது நிவாரணத்த உருப்படியா செஞ்சாங்களா?

பதில்: டோகோன்னு ஒரு சின்ன ஆப்பிரிக்க நாடு. 2020 ஏப்ரல்லயே நோவிசின்னு திட்டம் போட்டு, வோட்டர் பதிவுல இருக்கற தொழில வச்சு அமைப்புசாரா ஆளுங்கள கண்டுபிடிச்சு நேரா மொபைலுக்கே பணம் அனுப்பினாங்க, பெண்களுக்கு கொஞ்சம் கூடவே. எனக்குப் பிடிச்சது அந்த வேகம்தான். ஆனா வோட்டர் பதிவு இல்லாதவங்க, கையில ஃபோன் இல்லாதவங்க இதுலயும் விட்டுப் போயிடுவாங்க, அவங்க வீட்டுக்கு ஆள்தான் நேர்ல போய் பாக்கணும்.